பழைய பஸ்களின் கதி

ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட மோட்டார் வண்டிகளைப் பேணி வைத்திருப்போருக்கென்று, இந்திய சர்க்கார் 2021-ம் வருஷம் ஜூலை மாதத்தில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு புதிய பகுதியைச் சேர்த்தனர். பூர்வ உருவம் கெடாத பழைய வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டணம் செலுத்தினால், தனி வரிசையில் ஓர் எண்ணும், பத்து வருஷத்துக்குப் பதிவும் கிடைக்கும். கண்காட்சிக்கும் பழைய வண்டிகளின் ஊர்வலத்துக்கும் அதைச் சாலையில் ஓட்டிச் செல்லலாம். நல்ல காரியந்தான். ஆனால் இச்சலுகை எவ்வகை வண்டிக்கு என்று விதியைப் புரட்டிப் பார்த்தால், சொந்த உபயோகத்துக்குரிய இரு சக்கர வண்டிகளுக்கும் சிறு கார்களுக்கும் மட்டுமே என்று கண்டிருக்கிறது. பஸ்ஸுக்கு அதில் இடமில்லை. ஜமீன்தார் ஏறிய காருக்கு முதுமையில் மரியாதை உண்டு. காலணா அரையணாக் கொடுத்து ஜனங்கள் ஏறிய பஸ்ஸுக்கு மரியாதை இல்லை.

இதோடு நிற்கவில்லை. 2023-ம் வருஷம் ஏப்ரல் 1 முதல் அமுலுக்கு வந்த 52-ஏ விதியின்படி, சர்க்காருக்கும் சர்க்கார் போக்குவரத்துக் கழகங்களுக்கும் சொந்தமான வண்டிகள் பதினைந்து வருஷம் கடந்தவுடன் பதிவை இழக்கின்றன. பதிவு இழந்த வண்டியை அங்கீகாரம் பெற்ற உடைப்பு நிலையத்தின் மூலமாகவே தீர்க்க வேண்டும். ராணுவத்துக்கும் சட்டம் ஒழுங்குக்கும் உரிய சில விசேஷ வண்டிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. புகையைக் குறைப்பதும் விபத்தைத் தடுப்பதும் இவ்விதியின் நோக்கம். அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் இரண்டு விதிகளையும் சேர்த்து வாசித்தால் பெறப்படுவது என்ன? பொதுஜனங்களுக்குச் சொந்தமான பஸ் எதுவும் ஐம்பதாவது வயதை எட்டவே முடியாது. எட்டினாலும் அதைக் கௌரவிக்கச் சட்டத்தில் வாசகம் இல்லை.

இது அற்ப விஷயம் என்று சிலர் நினைக்கக்கூடும். தகர டப்பாவுக்கு இத்தனை பேச்சா என்று கேட்கவுங்கூடும். நாம் அவ்வாறு எண்ணவில்லை. இத்தேசத்தில் அன்னியர் முதலும் அன்னியர் யந்திரமும் எவ்வாறு படிப்படியாக நம்மவர் கைக்கு வந்தன என்பதைக் கண்ணால் காட்டக்கூடிய பொருள்களுள் பஸ்ஸும் ஒன்று.

திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு நடை தூரத்துக்குள் பஸ்ஸின் ஜாதகம் முழுவதையும் வாசித்து விடலாம். மௌண்ட் ரோடு என்று வழங்கி இப்போது அண்ணா சாலையாக இருக்கும் வீதியில் சிம்ப்சன் கம்பெனி இருக்கிறது. 1840-ல் வெள்ளைக்காரர் குதிரை வண்டி கட்டுவதற்காக ஏற்படுத்திய கம்பெனி அது. பின்னாளில் மோட்டார் வண்டிகளுக்கும் பஸ்களுக்கும் கூடு கட்டியது. 1930-களில் அதில் சேர்ந்த எஸ். அனந்தராமகிருஷ்ணன் பின்னர் அதன் தலைமையையே ஏற்றார். கம்பெனி இந்தியர் வசமாயிற்று. அதற்கு அருகே பல்லவன் சாலையில் மாநகர்ப் போக்குவரத்துக் கழகத்தின் தலைமை நிலையம். கூவத்தைத் தாண்டினால் புதுப்பேட்டை. அங்கே பழைய வண்டிகளைப் பிரித்து எலும்பு வேறு நரம்பு வேறாக விற்கிறார்கள். பிறப்பும் ஆட்சியும் மரணமும் இவ்வளவு நெருக்கமாக அமைந்த ஊர் வேறு உண்டோ என்னவோ!

அக்காலத்தில் சீமையிலிருந்து முழு பஸ் வருவது அபூர்வம். அடிச்சட்டமும் எஞ்சினும் கப்பலில் வரும். மேற்கூட்டை நம் தச்சரும் கொல்லரும் மரச் சட்டம் கோத்துத் தகடு அடித்து முடிப்பார்கள். ஃபோர்டு, செவ்ரோலே முதலிய அமெரிக்க வண்டிகளும் ஏராளமாக ஓடின என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் லேலண்ட், ஆல்பியன், பெட்போர்டு ஆகிய பிரிட்டிஷ் பெயர்கள் நம் கிராமத்துச் சிறுவர்களுக்கும் மனப்பாடம். பெயர் சீமையினுடையது, உடல் பாதிக்கு மேல் இவ்வூரினது.

எஜமானர்களும் நம்மவரே. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912-ல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். ஜி.டி. நாயுடு 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தொழில் தொடங்கினார். கும்பகோணத்தில் ராமன் அண்டு ராமன், பொள்ளாச்சியில் ஆனைமலை பஸ் கம்பெனி என்று ஒவ்வொரு ஜில்லாவிலும் சுதேசி முதலாளிகள் கிளம்பினர். ரயில் பிரிட்டிஷ் கம்பெனிகளின் கையில் இருந்த காலத்தில், ரயில் போகாத ஊர்களுக்கு இவர்களுடைய பஸ்கள் போயின. 1939-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் வந்தபின், அதிகாரிகளின் அனுமதியின்றிப் பெர்மிட் கைமாறக் கூடாதென்று ஏற்பட்டது. அதுமுதல் பஸ்ஸை வாங்குகிறவர் உண்மையில் வாங்கியது அது ஓடும் வழியைத்தான். வண்டி ஓட்டையானாலும் வழி பொன்னாயிருந்தது. கோர்ட்டுகளில் இதுபற்றி நடந்த வழக்குகளைக் கட்டினால் ஒரு பஸ் கொள்ளாது.

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது இந்த வண்டிகள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். பின்புறத்தில் ஓர் இரும்பு உலை. அதில் அடுப்புக் கரி. ஒரு பையன் துருத்தியைச் சுழற்ற, புகைவாயு எழும்பி எஞ்சினை ஓட்டும். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ள வேண்டும். பெட்ரோலுக்கென்று அன்னிய நாட்டில் வார்த்த எஞ்சின், உள்ளூர்க் கரியைத் தின்று உயிர் பிழைத்தது. யுத்தம் முடிந்ததும் ராணுவம் கழித்த லாரிகளின்மேல் கூடு கட்டி பஸ்ஸாக்கியவர்களும் உண்டு. நம் மெக்கானிக்குகளின் சாமர்த்தியத்துக்குப் பட்டம் கொடுக்கும் சர்வகலாசாலை எதுவும் அன்று இல்லை.

சென்னை சர்க்கார் 1947-ல் முப்பது பஸ்களுடன் நகரத்தில் தாமே வண்டி விடத் தொடங்கினர். அடுத்த வருஷமே நகரத்துத் தனியார் பஸ்களைத் தேசியமாக்கினர். 1895-ல் தொடங்கிய டிராம் 1953 ஏப்ரலில் நின்றது. அதன் ஜனங்களும் பஸ்ஸுக்கே வந்தனர். 1972-ல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்ற பெயர்களில் கழகங்கள் உண்டாகி, மதுரையில் சுந்தரம் அய்யங்கார் கம்பெனியின் பஸ்களும், பொள்ளாச்சி, கும்பகோணம் கம்பெனிகளின் பஸ்களும் ராஜாங்கத்தின் உடைமையாயின. 1997-ல் தலைவர்களின் பெயரும் அரச வமிசங்களின் பெயரும் நீங்கின. பல்லவன் மாநகர்ப் போக்குவரத்துக் கழகமாயிற்று. வண்டி ஒன்றே, நெற்றியில் எழுதிய பெயர் மட்டும் மாறிக் கொண்டிருந்தது.

இனி லேலண்டின் கதையைக் கேளுங்கள். 1948-ல் ரகுநந்தன் சரண் நிறுவிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிற்று. 1950-ல் லங்காஷயரிலுள்ள லேலண்ட் கம்பெனியாரோடு உடன்பாடு செய்துகொண்டு, 1955-ல் அசோக் லேலண்ட் என்று பெயர் பெற்றது. 1967-ல் டைட்டன் என்னும் மாடி பஸ்ஸை இங்கேயே செய்யத் தொடங்கினர். சென்னைவாசிகள் மேல்தட்டின் முன் ஆசனத்துக்குச் சண்டையிட்ட மாடி பஸ்கள் அந்த வமிசத்தவையே. அங்கே தாய்க் கம்பெனி தேய்ந்தது. 1987-ல் இங்குள்ள அதன் பங்குகளை ஹிந்துஜா சகோதரர்களும் இத்தாலியின் இவெகோவும் வாங்கினர். மறு வருஷம் சீமையில் லேலண்ட் பஸ் கம்பெனியே ஸ்வீடனின் வால்வோ கைக்குப் போயிற்று. லீட்ஸ் நகரில் பஸ்ஸுக்குக் கூடு கட்டிய ரோ என்ற பழைய பட்டறையை லேலண்டார் 1984-ல் மூடிவிட, அங்கே வேலை செய்தவர்கள் 1985-ல் ஆப்டேர் என்ற பெயரில் அதை மறுபடியும் திறந்தனர். அந்த ஆப்டேரில் 2010-ல் 26 சத விகிதப் பங்கை வாங்கியவர் யார்? எண்ணூர் அசோக் லேலண்டார்! 2012-ல் அவர்கள் பங்கு 75 சத விகிதத்தைத் தாண்டிற்று. 2020-ல் அதற்கு ஸ்விட்ச் என்று பெயர் மாற்றினர். பிள்ளை தாயின் வீட்டை விலைக்கு வாங்கினான். இதில் ஆனந்தப்படுவோர் ஒன்றையும் கவனிக்க வேண்டும்: 2025 மார்ச்சில், இங்கிலாந்தில் ஷெர்பர்ன் கிராமத்துத் தொழிற்சாலையில் பஸ் செய்வதை நிறுத்தப் போவதாக ஸ்விட்ச் கம்பெனியார் அறிவித்தனர். அங்கே வேலையிழக்கும் தொழிலாளியின் துக்கம், இங்கே ஆலை மூடி வேலையிழந்தவன் துக்கத்துக்கு வேறானதல்ல.

பஸ்களும் கடல் கடந்தன. லண்டன் நகரத்துக்கென 1939-க்கும் 1954-க்கும் இடையே ஆர்.டி. என்னும் குடும்பத்து மாடி பஸ்கள் ஏறத்தாழ 7,000 செய்யப்பட்டன. அவற்றில் லண்டனுக்கு வேண்டாதவை நூற்றுக்கணக்கில் இலங்கைக்கு விற்கப்பட்டன. 1958 ஜனவரி 1-ல் தனியார் பஸ்களையெல்லாம் தேசியமாக்கிப் பிறந்த இலங்கைப் போக்குவரத்துச் சபைக்கு வண்டிகள் அவசரமாய் வேண்டியிருந்தன. லண்டன் கழித்ததைக் கொழும்பு உடுத்தியது என்று ஏளனம் செய்வது எளிது. அந்த வண்டிகளில் தமிழரும் சிங்களரும் வேலைக்குப் போய் வந்தார்கள் என்பதே நாம் கருத வேண்டியது.

இப்போது இங்கிலாந்தின் நடத்தையைப் பாருங்கள். ஆர்.டி. பஸ் லண்டனில் கடைசியாக ஓடியது 1979 ஏப்ரல் 7-ல். அதன் தம்பியான ரூட்மாஸ்டர் 2,876 செய்யப்பட்டது. 2005 டிசம்பரில் வழக்கமான ஓட்டத்திலிருந்து நீங்கியது. ஆனால் ஆயிரத்துக்கு மேற்பட்டவை இன்னும் உலகத்தில் உயிரோடிருக்கின்றன. கண்டக்டரும் டிரைவரும் குமாஸ்தாவும் சேர்ந்து பணம் போட்டு ஒரு வண்டியை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணெய் துடைத்துக் காப்பாற்றுகிறார்கள். சர்ரே ஜில்லாவின் புரூக்லாண்ட்ஸில் லண்டன் பஸ்களுக்கே ஒரு மியூசியம் இருக்கிறது. நாற்பது வருஷம் கடந்த வண்டிக்கு, அது வாடகைக்கு ஓடாதிருந்தால், பஸ்ஸேயானாலும் அந்நாட்டில் சாலை வரி கிடையாது. நம்மை ஆண்டவர்களிடம் நாம் கற்கத் தகாதவை பல உண்டு. இது அவற்றில் ஒன்றல்ல. தூரம் போவானேன்? பம்பாயில் பெஸ்ட் நிறுவனத்தார் ஆனிக் டிப்போவில் தங்கள் சரித்திரத்துக்கு ஒரு மியூசியம் வைத்திருக்கிறார்கள். 2023 செப்டம்பர் 15-ல் அவர்களுடைய கடைசிப் பழைய சிவப்பு மாடி பஸ் ஓடிய அன்று, ஜனங்கள் மாலையிட்டு வழியனுப்பினர். சென்னையில் மாடி பஸ் நின்றபோது மாலை போட்டவர் யார்?

பஸ் போதவில்லையென்று அண்ணா சதுக்கத்தில் தொழிலாளி மணிக்கணக்கில் காத்து நிற்கையில், பழைய பஸ்ஸுக்குப் பூஜையா என்று ஒரு நண்பர் நம்மைக் கேட்டார். நியாயமான கேள்வி. காத்து நிற்பவனுக்குப் புது பஸ் வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் நாம் கேட்பது நூறு வண்டிகளையல்ல. ஒவ்வொரு வகையிலும் ஒன்று. பார்த்தசாரதி கோவில் தேர் பழையதாயிற்றென்று அதன் மரத்தை ஏலம் போட எவரும் துணியார். அதற்கு ஒரு கொட்டகை கட்டுகிறோம். பஸ் தேரல்ல. ஆனால் ஓட்டியவனும் கூடு கட்டியவனும் டிக்கட் கிழித்தவனும் நம் ஜனங்கள்.

சட்டம் குறுக்கே நிற்கிறதா என்றால், முழுவதும் இல்லை. பதிவு என்பது பொதுச் சாலையில் ஓடுவதற்கே வேண்டும். கொட்டகையில் நிற்பதற்கு வேண்டியதில்லை. தடையெல்லாம், பதினைந்து வருஷம் கடந்ததை உடைப்பு நிலையத்தின் மூலமே தீர்க்க வேண்டும் என்ற வாசகந்தான். ஆகவே 52-ஏ விதியில் ராணுவ வண்டிகளுக்குள்ள விலக்கை, மாகாண சர்க்கார் மியூசியத்துக்கெனக் குறிக்கும் வண்டிகளுக்கும் நீட்ட வேண்டும். 2021-ம் வருஷத்து விதியில் சொந்தக் கார் என்றிருக்கும் இடத்தில், வாடகைக்கு ஓடாத பழைய பஸ்ஸையும் லாரியையும் சேர்க்க வேண்டும். சென்னைப் போக்குவரத்து மந்திரியார் இதுபற்றி டில்லிக்கு எழுத வேண்டிய கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டாது. பதில் வரும் வரையில், கழகத்தின் அடுத்த கழிவுப் பட்டியலைத் தயாரிக்கும் அதிகாரி ஒவ்வொரு வகையிலும் ஒரு வண்டியின் எண்ணை அதிலிருந்து அடித்துவிட்டு, பல்லவன் சாலையில் ஒரு மூலையில் அவற்றை நிறுத்தி வைக்கட்டும்.