பழைய படகும் புதிய ஹீட்டரும்

லண்டனின் தென்மேற்கு ஓரத்தில், டெடிங்டன் லாக் என்கிற நீர்க்கதவைத் தாண்டி தேம்ஸ் கரையோடு நடந்தால், சிறு மோட்டார் குரூசர்கள் வரிசையாகக் கட்டிக் கிடப்பதைப் பார்க்கலாம். இருபது, இருபத்தைந்து அடி நீளம். கண்ணாடியிழை உடம்பு. முன்னால் குனிந்து நுழைய ஒரு கேபின், பின்னால் மடக்கி விரிக்கும் கித்தான் கூரை. பலவற்றுக்கு முப்பது, நாற்பது வயதாகிவிட்டது. பழைய கார் ஒன்றின் விலைக்கே கிடைக்கும். பிரிட்டனின் ஆறுகளில் சொந்தப் படகை ஓட்ட ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. அந்தத் தைரியத்தில்தான் நானும் ஒன்றை வாங்கினேன், ஒரு தனிநபரிடமிருந்து.

வாங்கிய மறு வாரமே கை ஊறத் தொடங்கும். ஒரு ஹீட்டர் மாட்டினால் அக்டோபரிலும் தங்கலாமே. பேட்டரியை லித்தியத்துக்கு மாற்றினால் ஃப்ரிட்ஜ் இரவெல்லாம் ஓடுமே. கூரையை இன்னும் கொஞ்சம் இறுக்கமாகத் தைத்தால் குளிர் வராதே. வாங்கும்போது எல்லோரும் தண்ணீரை நினைத்துத்தான் பயப்படுகிறோம். லைஃப் ஜாக்கெட் வாங்குகிறோம், பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்கிறோம். ஆனால் இந்த மாதிரிப் படகுகளில் நடந்த சில சாவுகள் தண்ணீரால் நடக்கவில்லை. படகு அசையாமல் கட்டிக் கிடக்கும்போது, கேபினுக்குள், படுக்கையில் நடந்தவை.

2013 ஏப்ரல் 1, ஈஸ்டர் விடுமுறை. விண்டர்மியர் ஏரியில் 'ஆர்னிஸ்டன்' என்ற குரூசரில் ஒரு தாயும் பத்து வயது மகளும் இறந்தார்கள். திறந்த வெளியில் வைத்து ஓட்ட வேண்டிய பெட்ரோல் ஜெனரேட்டர் என்ஜின் அறைக்குள் வைக்கப்பட்டிருந்தது. அதன் புகைக்குழாயைக் கைவேலையாக மாற்றி ஒரு சைலன்சரைச் சேர்த்திருந்தார்கள். அந்த இணைப்பிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் போய்விட்டது.

2016 ஜூனில் நார்ஃபோக் பிராட்ஸ் நீர்நிலையில், ராக்ஸம் ஊரில், 'லவ் ஃபார் லிடியா' என்ற படகில் இருவரும் அவர்களுடைய நாயும் இறந்து கிடந்தார்கள். இங்கே ஜெனரேட்டரும் இல்லை, கைவேலையும் இல்லை. பேட்டரி சார்ஜ் ஏறட்டும் என்று கட்டிய இடத்திலேயே பெட்ரோல் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பின்புறம் வெளியேறிய புகை கித்தான் கூரைக்குள் புகுந்து தேங்கியது. 2019 டிசம்பரில் யார்க் நகரில், ஊஸ் நதியில் 'டைவர்ஷன்' என்ற படகில் இன்னும் இருவர். கேபின் ஹீட்டரின் புகைக்குழாய் கழன்றுபோயிருந்தது. இந்தக் கடைசி இரண்டு படகுகளிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லை.

பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு இந்த மூன்றுக்கும் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. படகு வைத்திருப்பவர்கள் படிக்க வேண்டும். படிக்கும்போது வயிற்றைக் கலக்குவது, இவர்கள் யாரும் அசட்டுத் துணிச்சலில் எதையும் செய்துவிடவில்லை என்பதுதான். மின்சாரம் வேண்டும், பேட்டரி நிறைய வேண்டும், குளிர் தாங்க வேண்டும். நாம் ஒவ்வொரு வார இறுதியிலும் நினைப்பதைத்தான் அவர்களும் நினைத்தார்கள்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று ஆரம்பிக்கும். படகாட்டத்தில் வந்த மயக்கம் என்று தோன்றும். படுத்தால் சரியாகிவிடும் என்று படுப்பதுதான் ஆபத்து. இந்த அறிகுறி இருவருக்கு ஒரே நேரத்தில் வந்தால் யோசிக்கவே வேண்டாம். எல்லோரும் உடனே வெளிக்காற்றுக்கு வர வேண்டும், பிறகு அவசர எண்ணான 999-ஐ அழைக்க வேண்டும்.

வீட்டில் புகை பரவ இடம் உண்டு. படகு கேபின் ஒரு பெரிய அலமாரி அளவுதான். அதனால்தான் கூரையை இறுக்கித் தைப்பதுகூட பாதுகாப்பைப் பாதிக்கும் மாற்றம் ஆகிவிடுகிறது. காற்று வரும் வழியை நாமே அடைக்கிறோம். கூரையில் உள்ள காற்றுத் துளைகளைக் குளிருக்குப் பயந்து துணி வைத்து அடைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு இரவு அடைத்திருக்கிறேன், வெட்கத்தோடு சொல்கிறேன்.

அலாரம் வாங்கும்போது பெட்டியில் 'EN 50291-2' என்ற எண்ணைத் தேடுங்கள். கடைசி '2' முக்கியம். படகுக்கும் கேரவனுக்கும் சோதித்தது என்று அதற்குப் பொருள். '1' வீட்டுக்கானது. காற்றில் பத்து லட்சத்துக்கு 300 பங்கு என்ற அளவை எட்டினால் மூன்று நிமிடத்துக்குள் அலற வேண்டும் என்பது அந்தத் தரத்தின் விதி. அலாரத்துக்கும் ஆயுள் உண்டு. காலாவதித் தேதி அதன் முதுகிலேயே இருக்கும்.

இன்னொரு வாயு, பெட்ரோல் ஆவி. காற்றைவிட கனமானது. கசிந்தால் மேலே போகாது, பில்ஜ் என்கிற படகின் அடிப்பள்ளத்தில் போய் உட்கார்ந்துவிடும். சமையல் வாயுவும் அப்படியே. காரின் அடியில் கசிந்தால் தெருவோடு போகும். படகின் அடியோ தண்ணீர் புகாதபடி செய்த கிண்ணம், போக வழியில்லை. ஆகவே என்ஜினை இயக்கும் முன் பில்ஜ் விசிறியைச் சில நிமிடம் ஓடவிட்டு, மூடியைத் திறந்து மோந்து பார்ப்பது பழைய பழக்கம், நல்ல பழக்கம். காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரையோ ஆல்டர்னேட்டரையோ மலிவென்று பெட்ரோல் படகில் மாட்டுவது இங்கேதான் தவறாகிறது. படகுக்கானவை தீப்பொறி வெளியே வராதபடி மூடப்பட்டவை, காருக்கானவை அப்படியல்ல. 2021 செப்டம்பர் முதல் பிரிட்டனின் சாதாரணப் பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய ரப்பர் குழாய்களை இளக்கிக் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். நாற்பது வயதுப் படகுக்கு முதல் 'அப்கிரேட்' ஹீட்டரல்ல, எரிபொருள் குழாய்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக: லித்தியம் பேட்டரி பசித்த பிள்ளை மாதிரி, கிடைத்ததையெல்லாம் இழுக்கும். பழைய ஆல்டர்னேட்டரை அதில் நேரடியாக இணைத்தால் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும். நடுவில் அளவாகக் கொடுக்கும் சார்ஜர் வேண்டும்.

இனி காகிதங்கள். தேம்ஸிலும் பிராட்ஸிலும் கால்வாய்களிலும் படகுக்கு உரிமம் பெற, படகுப் பாதுகாப்புத் திட்டத்தின் சான்றிதழ் வேண்டும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2019 ஏப்ரல் 1 முதல் தங்கும் கேபின் உள்ள படகில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா என்பதும் அந்தப் பரிசோதனையில் சேர்ந்தது. இதை வைத்துப் படகு நல்ல நிலையில் இருக்கிறது என்று நம்புவதுதான் பலர் செய்யும் தப்பு. அது தீ, வெடிப்பு, வாயு, மாசு ஆகியவற்றுக்கான சோதனை. உடம்பில் விரிசல் உண்டா, என்ஜின் இன்னும் எத்தனை நாள் ஓடும், மிதக்குமா என்பதெல்லாம் அதன் வேலை அல்ல. அதற்குத் தனி சர்வேயர், படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி வைத்து, தட்டிப் பார்த்து எழுதித் தரும் அறிக்கை. பரிசோதனைக்கு மறுநாள் நீங்கள் ஒரு ஹீட்டர் மாட்டினால், சான்றிதழுக்கு அந்த ஹீட்டரைத் தெரியாது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரியாது, நீங்கள் சொன்னால் ஒழிய. அவர்கள் கேட்ட கேள்விக்குக் கவனமில்லாமல் தவறாகப் பதில் சொல்லியிருந்தால் இழப்பீடு குறையலாம், இல்லாமலும் போகலாம். மாற்றத்தை மின்னஞ்சலில் தெரிவித்து, அவர்கள் அனுப்பும் பதிலைச் சேமித்து வைக்க வேண்டும்.

வேலையைத் தொழில்முறை ஆள் ஒருவரிடம் கொடுத்தால் நிலைமை மாறுகிறது. 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பணம் வாங்கிச் செய்யும் வேலை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் இருக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடி செய்து தரச் சொல்லலாம். அது நடக்காவிட்டால் விலைக் குறைப்பு கேட்கலாம். ஹீட்டரை விற்றவரே பொருத்தியும் தந்தால், தப்பாகப் பொருத்தியதும் பொருளின் குறையாகவே எண்ணப்படும். வியாபாரியிடம் வாங்கிய பொருளில் குறை இருந்தால் முதல் 30 நாளில் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கலாம். ஆறு மாதத்துக்குள் தெரிந்த குறை வாங்கும்போதே இருந்தது என்று பொதுவாகக் கொள்ளப்படும்; இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்குள் என்றால், கிரெடிட் கார்டில் முன்பணம் மட்டும் கட்டியிருந்தாலும் கார்டு நிறுவனத்திடமும் கேட்கலாம். என் அனுபவத்தில் இதுதான் மிகவும் மறந்துபோகும் உரிமை; ஆட்கள் ரொக்கமாகக் கொடுத்து 'கொஞ்சம் குறைச்சுக்கோங்க' என்று பேரம் பேசி, ரசீதையும் சேர்த்து விட்டுக் கொடுத்துவிடுகிறார்கள்.

படகுத் துறையில் ஒரு சிக்கல் தனியாக உண்டு. பில்லில் தகராறு என்றால், பழுது பார்த்தவர் பணம் வரும்வரை படகைப் பிடித்து வைக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. நிறுத்துமிட வாடகை வேறு ஏறிக்கொண்டே போகும். அப்போது 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பணத்தைக் கட்டி, படகை வெளியே எடுத்து, பிறகு வழக்காடுவது பல நேரம் புத்திசாலித்தனம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரையான பணக் கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே சிறு வழக்கு முறையில் கொண்டு போகலாம். அதற்கு முன் குறையைப் படத்தோடு எழுதி, இத்தனை நாளில் சரிசெய்யுங்கள் என்று கடிதம் அனுப்பியிருக்க வேண்டும். சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு இதற்கு இலவசமாக வழிகாட்டும்.

தனிநபரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பில் பெரும்பகுதி கிடையாது. சொன்னபடி பொருள் இருக்க வேண்டும், விற்பவருக்கு அதை விற்கும் உரிமை இருக்க வேண்டும், அவ்வளவுதான். சிறு கப்பல் பதிவேட்டில் பெயர் இருப்பதும் உரிமைக்குச் சான்றாகாது. பழைய விற்பனைப் பத்திரங்களின் தொடர்ச்சியைக் கேட்டு வாங்க வேண்டும்.

நான் வாங்கிய படகில் முன்பு இருந்தவர் மாட்டிய ஒரு டீசல் ஹீட்டர் இருந்தது. விளம்பரத்தில் 'ஹீட்டர் உண்டு' என்று மட்டும் எழுதியிருந்தார், உண்மைதான், உண்டு. கேட்டபோது ரசீது இல்லை, யார் பொருத்தினார் என்பதும் அவருக்கு நினைவில்லை. புகைக்குழாய் பக்கச் சுவரை அடையும் இடத்தில் ஒரு கிளிப் மட்டும், அதுவும் தளர்ந்து. அவரிடம் கேட்க எனக்குச் சட்டத்தில் எதுவும் இருக்கவில்லை. கழற்றிவிட்டேன். குழாய் போன ஓட்டையை ஒரு தகடு வைத்து அடைத்து, கழற்றிய தேதியையும் படத்தையும் படகின் நோட்டுப் புத்தகத்தில் சேர்த்திருக்கிறேன். நாளை விற்கும்போது விளம்பரத்தில் 'ஹீட்டர் இல்லை, இருந்த இடத்தில் தகடு உண்டு' என்று எழுத வேண்டியிருக்கும்.