பரியன் ஏன் தனியா நிக்கிறான்?

'பரியேறும் பெருமாள்' 2018-ல் வந்தப்போ நம்ம தென்காசியும் குற்றாலமும் திருநெல்வேலி மாவட்டத்துலதான் இருந்துச்சு. மாரி செல்வராஜ் காட்டின உலகம் நமக்கு ஒரு பஸ் தூரம்தான். அதுல சட்டக் கல்லூரி மாணவன் பரியன், அத்தனை பேருக்கு நடுவுலயும் தனியா இருக்கான். கூச்ச சுபாவம்னு சொல்லிட்டுப் போயிடலாமா?

சமூகப்பணியில ஆளை மட்டும் பார்க்க மாட்டாங்க, அவனைச் சுத்தி இருக்கிறதையும் பார்ப்பாங்க. இதுக்கு யூரி பிரான்ஃபென்பிரென்னரோட சூழலியல் கோட்பாடு (1979) உதவும். அது ஒரு மனுஷனைச் சுத்தி வட்டம் வட்டமா வரையுது.

முதல் வட்டம், தினமும் பழகுறவங்க. பரியனுக்கு நாய் கருப்பி, நண்பன் ஆனந்த், தோழி ஜோ. கருப்பியைப் படம் ஆரம்பிச்சதுமே தண்டவாளத்துல கட்டிக் கொன்னுடுறாங்க. இங்கிலீஷ் புரியாம தவிக்கிறப்போ சொல்லிக் கொடுக்கிறது ஜோ.

அடுத்தது, அந்த உறவுகளுக்கு இடையில இருக்கிற இணைப்பு. சிக்கல் இங்கதான். வகுப்புல கிடைச்ச நட்பை நம்பி ஜோ வீட்டுக் கல்யாணத்துக்குப் போறான். அவ சொந்தக்காரங்க அடிச்சு அவமானப்படுத்துறாங்க. ஜோவுக்கு அது தெரியவே தெரியாது.

வெளி வட்டம் சாதி. உள்ளே எவ்வளவு அன்பு இருந்தாலும் இது வந்து உடைச்சிடுது. அதனால பரியனுக்கு கவுன்சிலிங் கொடுத்தா மட்டும் போதாது. மாற வேண்டியது யாருன்னு கடைசியில ஜோவோட அப்பாகிட்டயே அவன் பேசிடுறான்.

நம்ம வகுப்புலயும் தமிழ் மீடியத்துல இருந்து வந்து கடைசி பெஞ்சுல அமைதியா இருக்கிறவங்க உண்டு. 'ரிசர்வ்டு டைப்'னு பேர் வைக்கிறதுக்கு முன்னாடி, ப்ராஜெக்ட் டீம்ல அவங்களை யார் சேர்த்தாங்கன்னு கேட்டுப் பாருங்க.