பழைய விளையாட்டும் புதிய கணினியும்

புதிதாகக் கணினி வாங்கிய மாணவரொருவர், இருபது ஆண்டுகட்கு முன் வெளிவந்த விளையாட்டொன்றை அதில் நிறுவி ஆடத் தொடங்குகின்றார். அவ்விளையாட்டு வெளிவந்த நாளில் இருந்த கணினிகளைவிடத் தம் கணினி பன்மடங்கு வலியது என்பது அவர் அறிந்ததே. எனினும், திரையில் உருவங்கள் தடுமாறி நகர்கின்றன. பெரும்படை தோன்றும் இடங்களில் ஆட்டம் நின்று நின்று செல்கின்றது. கணினி பழுதுடையது போலும் என்றெண்ணி, அவர் விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கிப் பொருத்துகின்றார். அதன் பின்னும் தடுமாற்றம் தீர்வதில்லை. இவ்வாறு வீண்செலவு செய்வோர் பலராதலின், இதன் காரணத்தையும் பரிகாரத்தையும் ஈண்டு ஒருவாறு விளக்க எண்ணுகின்றோம்.

முதற்கண் அறியத்தக்கது ஒன்றுண்டு. விளையாட்டு நிரல் என்பது எக்கணினியிலும் ஒரே வகையாய் ஓடும் பொதுப்பொருளன்று. அஃது எழுதப்பட்ட நாளில் கணினி எவ்வாறு இருந்ததோ, இனி எவ்வாறு வளரும் என்று எழுதியோர் கருதினரோ, அக்கருத்துகள் யாவும் அதனுள் உறைந்து கிடக்கின்றன. கணினி அக்கருத்திற்கு மாறாக வளர்ந்துவிடின், வலிமை மிகுந்தும் பயனில்லை. சிற்சில வேளைகளில் வலிமையே தீங்காகவும் முடியும்.

வலிமை தீங்காய் முடிந்த வரலாறு காலத்தால் முந்தியது. 1978-ஆம் ஆண்டில் ஜப்பான் தேசத்து டைட்டோ நிறுவனம் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதனை ஆக்கியவர் தொமோஹிரோ நிஷிகாடோ. வரிசைக்குப் பதினொன்றாக ஐந்து வரிசையில் 55 பகையுருவங்கள் மேலிருந்து இறங்கி வரும். ஆடுவோர் அவற்றைச் சுட்டு வீழ்த்துதல் வேண்டும். 2 மெகாஹெர்ட்ஸ் வேகமுடைய இன்டெல் 8080 செயலிக்கு அத்தனை உருவங்களையும் ஒருங்கே நகர்த்தும் ஆற்றல் இல்லை. ஆதலின், திரை புதுப்பிக்கப்படுந்தோறும், அஃதாவது நொடிக்கு ஏறத்தாழ 60 முறை, ஒவ்வோர் உருவமாகவே நகர்த்தப்பட்டது. 55 உருவங்களும் ஓரடி பெயர ஏறக்குறைய ஒரு நொடி ஆகும்; பாதி வீழ்ந்தால் அரை நொடி போதும்; எஞ்சியது ஒன்றேயாயின் அது கண்ணிமைக்கும் பொழுதில் பாய்ந்தோடும். பகைவர் குறையக் குறைய வேகம் மிகும் இவ்வியல்பு யந்திரத்தின் இயலாமையாற் பிறந்தது. நிஷிகாடோ அதனைக் குறையென நீக்காமல், ஆட்டத்தின் சுவையெனக் கொண்டு விட்டுவைத்தார். வலிய செயலியொன்றைக் கொண்டு 55 உருவங்களையும் ஒருங்கே நகர்த்தச் செய்தால் அச்சுவை போய்விடும் என்பது வெளிப்படை.

1981-இல் வெளிவந்த ஐபிஎம் பிசியின் செயலி 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகமுடையது. அந்நாளில் விளையாட்டு எழுதியோர் பலர், காலத்தை அளப்பதற்குக் கடிகாரத்தை நோக்காமல், அச்செயலியின் வேகத்தையே அளவுகோலாகக் கொண்டனர். பின்வந்த விரைந்த கணினிகளில் அவ்விளையாட்டுகள் மனிதர் கைக்கு எட்டாத வேகத்தில் ஓடின. இதன்பொருட்டே கணினிப் பெட்டியின் முகப்பில் ‘டர்போ’ என்றொரு பொத்தான் அமைக்கப்பட்டது. விரைவைக் குறிக்கும் பெயர் பூண்ட அப்பொத்தான் உண்மையிற் பயன்பட்டது விரைவைக் குறைப்பதற்கே! இன்னும், போர்லாண்ட் நிறுவனத்தாரின் டர்போ பாஸ்கல் மொழியில் எழுதப்பட்ட நிரல்கள் பல, தொடங்கும்போதே செயலியின் வேகத்தை அளந்து, வந்த எண்ணை 55-ஆல் வகுத்துக் குறித்துக்கொள்ளும். 1990-களின் பிற்பாதியில் வந்த செயலிகளில் அவ்வீவு 65,535 என்னும் எல்லையைக் கடந்தது. குறிக்க இடமின்றி, நிரல் ‘பிழை 200’ என்று அறிவித்து நின்றுவிட்டது. இத்தகைய மிகப் பழைய விளையாட்டுகட்கு 2002 முதல் வழங்கிவரும் டாஸ்பாக்ஸ் என்னும் மென்பொருள் நல்ல துணை. அது பழைய கணினியொன்றைப் புதிய கணினிக்குள் பாவனையாய் அமைத்து, அதன் வேகத்தையும் நாம் வேண்டும் அளவிற்கு அடக்கித் தருகின்றது.

நிற்க, தொடக்கத்திற் கூறிய தடுமாற்றத்திற்கு வருவோம். இதற்குக் காரணம் முற்கூறியதற்கு நேர்மாறானது. 1993-இல் வந்த பென்டியம் செயலி 60 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கிற்று. 2004-இல் பென்டியம் 4 செயலி 3,800 மெகாஹெர்ட்ஸை எட்டியது. பதினோராண்டில் அறுபது மடங்கிற்கு மேற்பட்ட வளர்ச்சி! இவ்வோட்டம் ஓயாதென்றே பலரும் நம்பினர். ஆனால் வெப்பம் தடையாய் நின்றது. 4,000 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 செயலியை வெளியிடும் எண்ணத்தை இன்டெல் நிறுவனம் அவ்வாண்டிலேயே கைவிட்டது. 2005 முதல், ஒரு சில்லினுள் கோர் எனப்படும் செயற்கூறுகள் இரண்டு, நான்கு, எட்டு எனப் பெருகலாயின. தனிக் கோரொன்றின் துடிப்பு வேகமோ, அதன்பின் வந்த இருபதாண்டுகளில் இருமடங்குகூட ஆகவில்லை. ஒரு துடிப்பிற் செய்யும் வேலை மிகுந்ததனால் வந்த ஆதாயமே பெரிது.

ஒரே இராட்டினமும் ஒரே கயிறும் உடைய கிணற்றைச் சுற்றிப் பத்துப் பேர் குடத்துடன் நின்றாலும், ஒரு நேரத்தில் நீர் இறைப்பவர் ஒருவரே. பழைய விளையாட்டுகளின் இயல்பும் இத்தகையதே. அவை தம் வேலையனைத்தையும் ஒன்று அல்லது இரண்டு கோர்களிடமே ஒப்புவிக்கின்றன. ஏனையவை வேலையின்றி நிற்கின்றன. ஜெர்மனி தேசத்து கிரைடெக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ‘கிரைசிஸ்’ இதற்குப் பேர்பெற்ற எடுத்துக்காட்டு. வருங்காலக் கோர்கள் இன்னும் மிக விரையும் என்னும் நம்பிக்கையில் அமைந்த அவ்விளையாட்டு, பல்லாண்டுகள் கழித்து வந்த கணினிகளையும் சிற்சில காட்சிகளில் திணறச் செய்தது.

இனித் தடை எங்குளதென்று கண்டறியும் முறையைக் கூறுவோம். இதற்குச் செலவொன்றும் இல்லை. விளையாட்டின் அமைப்புப் பகுதியிற் சென்று, திரையின் ரெசல்யூஷனை 1920-க்கு 1080 என்பதிலிருந்து 1280-க்கு 720 எனக் குறைத்து, அதே காட்சியை மீண்டும் நோக்குக. கிராபிக்ஸ் கார்டு தீட்டவேண்டிய புள்ளிகள் 20,73,600-இலிருந்து 9,21,600 ஆகக் குறைந்துவிடும். நொடிக்கு இத்தனை பிரேம் என்னும் எண் இதனால் நன்கு உயருமாயின், தடை கிராபிக்ஸ் கார்டில் உளது. உயராதாயின் தடை பெரும்பாலும் செயலியிடத்தது. அந்நிலையிற் புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்குதல், கயிறு ஒன்றேயான கிணற்றுக்குப் பெரிய குடம் வாங்குதல் போலாம். செயலியின் பயன்பாட்டைக் காட்டும் எண்ணைக் கண்டு மயங்குவாரும் உளர். எட்டுக் கோர்களுள் ஒன்று மூச்சுவிடாமல் உழைத்து ஏனைய ஏழும் உறங்கினால், மொத்தக் கணக்கில் 12.5 விழுக்காடே காட்டும். ‘செயலி சும்மா இருக்கின்றதே’ என்று அவர் கூறுவது அந்த எண்ணை நம்பியேயாம்.

மடிக்கணினி உடையோர் இன்னொன்றையும் நோக்குதல் வேண்டும். அவற்றுட் பலவற்றில் கிராபிக்ஸ் சில்லுகள் இரண்டு உண்டு. பழைய விளையாட்டைக் கண்ட விண்டோஸ், இஃது எளிய வேலையென்று கருதி அதனைச் சிறிய சில்லிடம் ஒப்புவித்தலும் உண்டு. விண்டோஸின் கிராபிக்ஸ் அமைப்பிற் சென்று பெரிய சில்லைக் குறித்துக் காட்டுதலே போதும்.

தடை செயலியிடத்ததாயின் செய்யத்தக்கது யாது? பழைய விளையாட்டு ஒவ்வொரு மரத்தையும், ஒவ்வொரு கல்லையும் தீட்டுமாறு கிராபிக்ஸ் கார்டுக்குத் தனித்தனி ஆணை விடுக்கின்றது. அவ்வாணை 2002-இல் வந்த டைரக்ட்3டி 9 போன்ற பழைய மொழியில் அமைந்தது. இடையில் நிற்கும் டிரைவர் மென்பொருள் அதனைப் பெற்று, ஆராய்ந்து, கார்டுக்கு உரைக்கின்றது. ஆணையொவ்வொன்றிற்கும் செயலியின் காலம் செலவாகின்றது. ஆதலின் முதலில் நிழல்கள், தொலைவிற் காணும் பொருள்கள், கூட்டத்தின் அளவு ஆகியவற்றைக் குறைத்தல் வேண்டும். இவையே ஆணைகளைப் பெருக்குவன.

அடுத்து, மொழிபெயர்ப்பு மென்பொருளை நாடலாம். டிஎக்ஸ்விகே என்பது டைரக்ட்3டி ஆணைகளை வல்கன் என்னும் புதிய மொழியில் பெயர்த்துரைப்பது. 2018-இல் முதன்முதல் வெளிவந்த இஃது லினக்ஸ் பயன்படுத்துவோர்க்கென எழுந்தது. எனினும் விண்டோஸிலும், 2008-இல் வந்த ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4’ போன்ற விளையாட்டுகளில், இதனால் ஓட்டம் சீர்ப்பட்டதைப் பலர் கண்டுள்ளனர். விளையாட்டின் கோப்புறையில் ‘டி3டி9.டிஎல்எல்’ என்னும் கோப்பொன்றை வைத்தலே இதற்கு வேண்டும் முயற்சி. பயன்படாவிடின் அதனை நீக்கிவிடலாம். மொழிபெயர்ப்பு என்றால் காலம் கூடுமன்றோ எனின், மூலமொழியைக் கையாளும் டிரைவர் சோம்பலுடையதாயின் பெயர்த்துரைப்பவரே விரைவாய் முடிப்பர். இன்டெல் நிறுவனம் 2022-இல் ஆர்க் என்னும் கிராபிக்ஸ் கார்டுகளை வெளியிட்டபோது, டைரக்ட்3டி 9-க்கு நேரான டிரைவர் எழுதாமல் மொழிபெயர்ப்பையே நம்பிற்று. முதலிற் கையாண்ட பெயர்ப்பு மந்தமாயிருந்தது. புதிய கார்டில் பழைய விளையாட்டுகள் தளர்ந்தோடின. பின்னர் அந்நிறுவனம் டிஎக்ஸ்விகேயின் வழியை மேற்கொண்டு டிரைவரைத் திருத்தவே, அதே கார்டு பெரிதும் விரைந்தது. கார்டில் ஓர் அணுவும் மாறவில்லை.

சிலபொழுது குறை விளையாட்டின் உள்ளேயே கிடக்கும். இதனினும் சிறந்த திருஷ்டாந்தம் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ ஆன்லைன்’. 2013-இல் தொடங்கிய அவ்விளையாட்டிற்குள் நுழையவே பல நிமிஷம் காத்திருத்தல் வேண்டும். ஆண்டுகள் சென்றன, கணினிகள் மாறின, காத்திருப்பு மாறவில்லை. நிறுவனத்தைச் சாராத நிரலாளர் ஒருவர், மூலநிரல் கையில் இல்லாமலே, அந்நிமிஷங்களிற் செயலி யாது செய்கின்றதென ஆராய்ந்து, 2021 பிப்ரவரி இறுதியில் வெளியிட்டார். ஆட்டத்தில் விற்கப்படும் பொருள்களின் பட்டியலொன்று, ஏறத்தாழ 10 மெகாபைட் அளவினது, 63,000 பொருள்களைக் கொண்டது. நிரல் அதனைப் படிக்கையில், ஒவ்வொரு சொல்லைப் படிக்குமுன்னும் பட்டியலின் கடைசி எழுத்துவரை எண்ணி, எஞ்சிய நீளம் எவ்வளவு என்று பார்த்தது. ஒரு நூலைப் படிப்பவர், சொல்லுக்குச் சொல் நிறுத்தி, மிஞ்சிய எழுத்துகளையெல்லாம் எண்ணிவிட்டு அடுத்த சொல்லுக்குச் செல்வாராயின் எவ்வாறு இருக்கும்! இஃதொன்று. மற்றொன்று, படித்த பொருளைச் சேர்க்குமுன், முன்னர்ச் சேர்த்தவற்றுள் அஃது உளதோ என்று ஒவ்வொன்றாய் ஒப்பிட்டது. 63,000 பொருள்கட்கு இவ்வொப்பீடு 198 கோடியை எட்டும். பொருள்களோ யாவும் வெவ்வேறானவை, ஒப்பீடே வேண்டாதது. இவ்வளவும் ஒரே கோரில் நடந்தன. நீளத்தை ஒருமுறை எண்ணி நினைவில் வைக்கவும், வீண் ஒப்பீட்டை விலக்கவும் அவர் சிறு நிரலொன்று எழுதினார். ஆறு நிமிஷமாயிருந்த காத்திருப்பு, அவர் கணினியில் இரண்டு நிமிஷத்திற்கும் குறைந்தது. ராக்ஸ்டார் நிறுவனம் அவருக்கு 10,000 டாலர் அளித்து, அடுத்த மாதமே திருத்தத்தை வெளியிட்டது. ஏழாண்டுகளாக எத்தனையோ பேர் புதிய செயலி வாங்கித் தீர்க்க முயன்ற குறை, சில வரிகளில் தீர்ந்தது.

நினைவகத்தைப் பற்றியும் ஒரு சொல். பழைய 32-பிட் நிரல்கட்கு விண்டோஸ் வழக்கமாய்த் தருவது 2 கிகாபைட் இடமே. கணினியில் 32 கிகாபைட் இருப்பினும் அவை அதனைத் தொடா. நிரற்கோப்பின் தலைப்பில் ஒரு குறியை மாற்றினால், 64-பிட் விண்டோஸில் 4 கிகாபைட் கிடைக்கும். 2010-இல் வந்த ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’ ஆடுவோர் இம்மாற்றத்தை நன்கறிவர்.

இவையெல்லாம் கைகூடி ஆட்டம் விரையத் தொடங்கியபின், முற்கூறிய தீங்கு மீளவும் தலைகாட்டும். 2011-இல் வந்த ‘ஸ்கைரிம்’ விளையாட்டின் பௌதிகக் கணக்கு நொடிக்கு 60 பிரேம் என்னும் அளவோடு பிணைந்தது. அதனை மிஞ்சினால் மேஜைமேல் வைத்த பாத்திரங்கள் தாமே பறக்கும். 2014-இல் வந்த ‘டார்க் சோல்ஸ் 2’ விளையாட்டில், 30 பிரேமுக்குப் பதில் 60 பிரேம் ஓடிய கணினிகளில் வாட்கள் இருமடங்கு விரைவில் தேய்ந்தன. அது 2015-இலேயே திருத்தப்பட்டது. ஆதலின் பழைய விளையாட்டில் பிரேம் எண்ணிற்கு வரம்பு கட்டுதல் நலம். 60 என்று வரம்பு கட்டினால் பிரேமொவ்வொன்றும் 16.7 மில்லிநொடி நிற்கும். 90-க்கும் 40-க்கும் இடையே அலையும் ஓட்டத்தைவிட, மாறாத 60 கண்ணுக்கு இனிது.

மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொன்றின்பின்னும் ஒரே காட்சியை ஓட்டிப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்க. மூலக் கோப்புகளின் படியை வேறிடத்தில் வைத்துக்கொள்க. கோப்பு மாற்றும் முறைகள் தனித்து ஆடும் விளையாட்டுகட்கே உரியன. பலர் கூடி இணையவழி ஆடுபவற்றில், மாற்றிய கோப்பைக் கண்ட காவல் மென்பொருள் ஆடுவோரை வஞ்சகர் எனக் கருதி, அவர்தம் கணக்கை முடக்கிவிடவும் கூடும்.