புகழுரையும் பொறுப்பும்

"உங்கள் சமுதாயத்தவர் ஈகையிற் சிறந்தவர்கள், விருந்தோம்பலில் அவர்களை மிஞ்ச ஆளில்லை" என்று பிற சமயத்து அன்பர் ஒருவர் மனமுவந்து கூறக் கேட்டிருப்பீர்கள். அவ்வேளையில் உள்ளம் பூரிப்பது இயல்பே, அது குற்றமுமன்று. ஆனால், அந்தப் பூரிப்புக்குப் பின் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? நமக்குரிய சோதனை அங்கேதான் தொடங்குகிறது.

இறைவனாலேயே புகழப்பட்ட ஒரு கூட்டத்தாரைப் பாருங்கள். மதீனாவை அடுத்த குபாவில் வாழ்ந்த மக்களைத் தூய்மையை நேசிப்பவர்கள் எனத் திருமறை (9:108) சிறப்பித்தது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அம்மக்களிடம், இறைவன் போற்றிய அந்தத் தூய்மை யாது என வினவியதாக ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. அவர்கள் குலப்பெருமை பேசினார்களில்லை. தொழுகைக்கு உளூச் செய்கிறோம், கடமையான குளிப்பை நிறைவேற்றுகிறோம், இயற்கைக் கடன் கழித்தபின் நீரால் சுத்தம் செய்கிறோம் என்று தங்கள் அன்றாடப் பழக்கத்தையே அடக்கத்துடன் எடுத்துரைத்தனர். புகழ் கூட்டத்திற்கு வந்தது. அதற்குரிய சான்று ஒவ்வொருவருடைய செயலிலும் இருந்தது.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு (கி.பி. 630) ஹுனைன் போருக்குப் புறப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 12,000 பேர். இத்தனை பெரிய படை தோற்குமா என்ற எண்ணம் சிலர் உள்ளத்தில் எழுந்தது. பள்ளத்தாக்கில் எதிரிகள் திடீரெனத் தாக்கியபோது அப்பெரும்படை சிதறியது. பெருமிதமளித்த அந்த எண்ணிக்கை எவ்விதப் பயனும் தரவில்லை என்பதைத் திருமறை (9:25) நினைவூட்டுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நிலைகுலையாது நின்றார்கள். அழைப்புக் குரல் கேட்டுத் தோழர்கள் திரும்பினர். பின்னரே இறையுதவியால் வெற்றி கிட்டியது.

அப்போரில் கிடைத்த பொருள்களை மக்காவின் புதிய முஸ்லிம்களுக்குப் பெருமளவில் அண்ணலார் வழங்கியபோது, மதீனத்து அன்சாரிகளில் சிலர் மனம் வருந்தினர். அவர்களை ஒன்றுகூட்டி, மற்றவர்கள் ஆடுகளையும் ஒட்டகங்களையும் ஓட்டிச்செல்ல, நீங்கள் இறைத்தூதருடன் இல்லம் திரும்புவது உங்களுக்கு உவப்பில்லையா என்று பெருமானார் கேட்டார்கள். அன்சாரிகள் செல்லும் வழியே தமது வழி என்றும் புகழ்ந்துரைத்தார்கள். அதனைக் கேட்ட அன்சாரிகள் நெஞ்சு நிமிர்த்தவில்லை. தாடி நனைய அழுதார்கள். எங்கள் பங்காக இறைத்தூதரே போதும் என்றார்கள். தங்கள் கூட்டத்தைத் தாங்களே மெச்சிய எண்ணம் ஹுனைனில் கால்களைத் தடுமாறச் செய்தது. பெருமானார் மெச்சிய சொல்லோ அன்சாரிகளின் உள்ளத்தைக் கழுவியது!

நம்மைச் சிறந்த சமுதாயம் எனத் திருமறை (3:110) அழைப்பதை நாம் அடிக்கடி எடுத்துக் கூறுகிறோம். நன்மையை ஏவுவதும், தீமையைத் தடுப்பதும், இறைவனை நம்புவதும் அதே வசனத்தில் இருப்பதை ஏனோ மறந்துவிடுகிறோம். பட்டத்தை எடுத்துக்கொண்டு பணியை விட்டுவிடலாகுமா?

17ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதியின் கொடையைத் தமிழகம் இன்றும் பேசுகிறது. அப்புகழ் அவருடைய கரங்கள் ஈட்டியது. நம் ஜகாத் கணக்கு தீராதிருக்க, நம்மிடம் உழைத்தவரின் கூலி நிலுவையில் இருக்க, அண்டை வீட்டு அடுப்பு எரியாதிருக்க, அவ்வள்ளலின் புகழை நம் பெயரில் வரவு வைத்துக்கொள்ள நமக்கு உரிமை ஏது?

தம்மை மக்கள் புகழும்போது அபூபக்ர் (ரலி) அவர்கள், இவர்கள் எண்ணுவதைவிட என்னை மேலானவனாக்குவாயாக, இவர்கள் அறியாத என் பிழைகளைப் பொறுத்தருள்வாயாக என்று இறைவனிடம் இறைஞ்சியதாக அறிவிக்கப்படுகிறது. எனவே, அன்புக்குரியவர்களே! அடுத்த முறை உங்கள் சமுதாயத்தை ஒருவர் புகழ்ந்தால், அல்ஹம்துலில்லாஹ் என்று கூறி அவருக்கு நன்றி சொல்லுங்கள். இல்லம் திரும்பியதும், அப்புகழில் நம் பங்கு எவ்வளவு என்று உங்களையே கேளுங்கள். பங்கில்லை எனில், அதனை அன்றே தொடங்குங்கள். வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அந்நல்வாய்ப்பை அருள்வானாக! ஆமீன்.