எல்லையோரப் பறவைகள் – 9: சிப்காட் வேலியில் ஒரு ‘சக்’

புரட்டாசி பிறந்ததும் ஓசூர் சிப்காட் சாலையோர உண்ணிச்செடிப் புதர்களுக்குள் ‘சக்… சக்’ என்று ஒரு சத்தம் கேட்கத் தொடங்கும். நாக்கை மேலண்ணத்தில் தட்டினால் வருமே, அந்த மாதிரி. எட்டிப் பார்த்தால் தவிட்டு நிறத்தில் ஏதோ நகர்ந்தது தெரியும், அவ்வளவுதான். படம் எடுத்தும் பெரிய பயனில்லை. இதே அளவில், இதே நிறத்தில் இன்னும் சில கதிர்க்குருவிகள் இருக்கின்றன. இது பிளைத் நாணல் கதிர்க்குருவி. ரஷ்யாவிலும் மத்திய ஆசியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தை நம்மூர்ப் புதர்களில் கழிக்க வருகிறது. சித்திரை வாக்கில் திரும்பிவிடும்.

இந்த மாதிரிப் பறவைகளுக்குத்தான் மெர்லின் செயலி பெரிய உதவி. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2014இல் வெளியிட்டது. 2021இல் குரலை வைத்து இனம் சொல்லும் வசதி சேர்ந்தது. நம் பகுதிக்கான தொகுப்பை ஒருமுறை இறக்கிக்கொண்டால் போதும், அஞ்செட்டிக் காட்டில் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். இலவசம்.

ஆனால் செப்டம்பரில் இந்தக் குருவி இங்கே இருக்கும் என்று போனுக்கு எப்படித் தெரியும்? 2002இல் தொடங்கிய இ-பேர்ட் தளத்தில் பறவை பார்ப்பவர்கள் போட்ட பட்டியல்கள்தான் காரணம். கால் மணி நேரம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் ஒன்று விடாமல் பதிவதற்கு முழுப் பட்டியல் என்று பெயர். அதில் இல்லாத பறவைக்கும் மதிப்பு உண்டு. நூறு முழுப் பட்டியலில் எத்தனையில் ஒரு பறவை வந்திருக்கிறது என்று வாரவாரியாகக் கணக்கிட்டால் வருகையும் புறப்பாடும் தெரிந்துவிடும். இ-பேர்ட் வரைபடத்தில் இது மாதத்துக்கு நான்கு கட்டம், ஆண்டுக்கு 48. பட்டியல் போதாத வாரத்துக்குத் தனி அடையாளம். 2023இல் வந்த ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை 942 இனங்களைப் பற்றிப் பேச முடிந்ததும் இப்படிச் சேர்ந்த மூன்று கோடிப் பதிவுகளால்தான்.

இங்கேதான் நம் எல்லைப் பிரச்சினை. 1970களிலிருந்தே பறவை பார்ப்பவர்கள் கூடிவந்த ஊர் பெங்களூரு. அத்திப்பள்ளி தாண்டியதும் பட்டியல்கள் குவிந்து கிடக்கின்றன. ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கம் அந்த அளவு இல்லை. இரண்டு பக்கமும் ஒரே பீடபூமி, ஏறத்தாழ ஒரே உயரம். அதனால் பக்கத்து மாவட்டத்தை வைத்து நம் ஊரை ஊகிப்பதில் பெரிய தவறு நேராது என்று சொல்லலாம். எனக்கு அது சம்மதமில்லை. பெங்களூருவின் கழிவைச் சுமந்து வரும் தென்பெண்ணை கெலவரப்பள்ளி அணையில் நுரைத்து நிற்கிறது. அங்கே எந்த வாத்து எந்த வாரம் இறங்குகிறது, எந்த வாரம் இறங்காமல் போகிறது என்பதை பெங்களூரு ஏரிகளின் கணக்கு எப்படிச் சொல்லும்?

செயலியை அப்படியே நம்பிவிடவும் கூடாது. தேசிய நெடுஞ்சாலையில் லாரி ஹாரனும் ஆலை இரைச்சலும் மெல்லிய குரல்களை விழுங்கிவிடும். கரிச்சான் வேறு வல்லூறைப் போலக் கத்தி மைனாக்களை விரட்டும். அது கத்தும்போது திரையில் வல்லூறு என்று வந்தால் நம்பி எழுதிவிடாதீர்கள், மின்கம்பியைப் பாருங்கள். கண்ணால் பார்த்தோ காதால் உறுதிசெய்தோதான் பட்டியலில் ஏற்ற வேண்டும். பருவம் தப்பிய பெயரை எழுதினால் இ-பேர்ட் விவரம் கேட்கும். சிலர் இதற்குக் கோபப்படுகிறார்கள். கோபப்பட ஒன்றுமில்லை, ஒலிப்பதிவு இருந்தால் இணைத்துவிடலாம்.

பொங்கலையொட்டி 2015 முதல் தமிழ்நாட்டில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அதனால் ஜனவரிக்குப் பட்டியல் கிடைத்துவிடும். ஜூன், ஜூலையில்தான் கை வறண்டுவிடுகிறது. சுடலைக்குயிலை எடுத்துக்கொள்ளுங்கள். வட இந்தியாவுக்கு அது ஆப்பிரிக்காவிலிருந்து பருவமழையோடு வரும் விருந்தாளி. தெற்கிலோ இன்னொரு உள்ளினம் ஆண்டு முழுக்க இங்கேயே தங்கியிருக்கிறது. ஆகவே ஆனியில் தளியில் ஒன்றைப் பார்த்தால் அது வந்ததா, இருந்ததா என்று சொல்ல முன்னும் பின்னுமான மாதங்களின் பட்டியல்கள் வேண்டும். நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வெளியே வருகிறவர்கள் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரமே ஒரு பட்டியலுக்குப் போதும்.

(தொடரும்)