வெளிவீதியில் தவில்

பங்குனி பிறந்தால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் கோயில் கொடியேற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கிவிடும். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் இருபத்தைந்து நாள் திருவிழா ஆடி அமாவாசையில் கீரிமலைத் தீர்த்தத்தோடு முடிய, சில நாளில் நல்லூரில் இருபத்தைந்து நாள் திருவிழா தொடங்கி ஆவணி அமாவாசை வரை நடக்கும். இடையில் சிறிய பிள்ளையார் கோயில்களும் அம்மன் கோயில்களும் வேறு. இந்த மாதங்களில் காற்று தெற்கிலிருந்து அடித்தாலும் வடக்கிலிருந்து அடித்தாலும் எங்கோ ஒரு மேளச் சத்தத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். நாதஸ்வரம் காதில் விழுவதற்கு முன் தவில் விழுந்துவிடும். அந்த வாத்தியம் எதனால் செய்யப்பட்டது, அவ்வளவு தூரம் எப்படிக் கேட்கிறது, இந்த மண்ணில் அதற்கு இத்தனை பெரிய இடம் எப்படி வந்தது என்பவற்றைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

தவிலின் உடல் பலாமரம். ஒரே கட்டையைக் குடைந்து, நடுவில் சற்றுப் பருத்த பீப்பா வடிவில் கடைந்தெடுப்பார்கள். பலகைகளை ஒட்டிச் செய்வதில்லை. அடிக்கு மேல் அடி விழும் வாத்தியத்தில் ஒட்டு நெடுநாள் நிற்காது. இரண்டு வாயிலும் தோல் போர்த்தியிருக்கும். எருமைத்தோலும் ஆட்டுத்தோலும் இதற்குப் பயன்படுகின்றன. தோல் நேரே மரத்தில் ஒட்டப்படாமல் தடித்த வளையங்களில் இழுத்துச் சுற்றப்பட்டிருக்கும். மரத்தின் வாயைவிட வளையம் அகலமானது, அதனால்தான் தவிலைப் பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு முனையும் துருத்திக்கொண்டு தெரியும். முன்பு இரண்டு வளையங்களையும் தோல்வாரால் பிணைத்து, கச்சேரிக்கு முன் வாரை இழுத்து முறுக்குவார்கள். இரண்டு ஆட்கள் சேர்ந்து மூச்சுப் பிடித்து இழுக்கிற வேலை அது. இப்போது இரும்புக் கம்பியும் நட்டும் போல்ட்டும் வந்துவிட்டன. ஒரு ஸ்பானரோடு தனியாளே சுருதி ஏற்றிவிடலாம். வாத்தியத்தின் பாரமும் கூடிவிட்டது. அந்தப் பாரத்தைத் தோளில் தொங்கும் நாடாவில் தாங்கிக்கொண்டு, சுவாமிக்கு முன்னால் மணல்வீதி முழுவதும் நடந்தபடி வாசிக்கவேண்டும்.

வலப்பக்கம் வலந்தலை, இடப்பக்கம் தொப்பி. வலந்தலைதான் பெரிய வாய். பெரிய தோல் தாழ்ந்த ஒலியையும் சிறிய தோல் உயர்ந்த ஒலியையும் தரவேண்டும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். தவிலில் அது தலைகீழ். வலந்தலையை அவ்வளவு விறைப்பாக இழுத்துக் கட்டுவதால், அகலம் கூடியிருந்தும் சுருதி மேலே போய்விடுகிறது. தோலின் அதிர்வெண் அகலத்தால் குறையும், இழுவிசையால் கூடும். இங்கே இழுவிசை வென்றுவிடுகிறது. தொப்பி தளர்வாக இருக்கும், அதனால் அதன் ஒலி வயிற்றில் அதிர்கிறது.

வலது கையின் விரல்களில் கூடு போட்டுக்கொள்வார்கள். மாப்பசையில் தோய்த்த துணியை விரல் நுனியில் சுற்றிச் சுற்றிக் காயவிட்டால் எலும்புபோல் இறுகிவிடும், அதுதான் கூடு. கடினமான பொருள் தோலைத் தொட்டவுடன் விலகிவிடும். தொட்டிருக்கும் நேரம் குறையக் குறைய மேல் அதிர்வெண்கள் கூடுதலாகக் கிளம்பும். வெறும் விரலில் வராத அந்த வெடிப்பு இப்படித்தான் வருகிறது. இடது கைக்கு ஒரு குட்டையான தடித்த கழி, பூவரசு மரத்தில் செய்வது. யாழ்ப்பாணத்தில் பூவரசு வேலிக்கு நிற்கிற மரம், ஆடுகளுக்குக் குழை வெட்டுகிற மரம். அதே மரத்தின் ஒரு துண்டுதான் தொப்பியில் விழுந்து ஊரை எழுப்புகிறது.

மிருதங்கத்தோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெளிவாகும். மிருதங்கத்தின் வலப்பக்கத்தில் கறுப்பாக ஒரு வட்டம் அப்பியிருக்கும். சாதாரணத் தோலின் மேல் அதிர்வுகள் ஒன்றோடொன்று முழுஎண் விகிதத்தில் பொருந்தாது, அதனால் அதில் சுரம் தெளிவாகப் பிறக்காது. அந்தக் கறுப்புச் சுமை அவற்றை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. இதை சி. வி. ராமன் 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டினார். தவிலின் வலந்தலையில் அப்படி எதுவும் இல்லை. ஆகவே அது மிருதங்கத்தைப் போலச் சுருதியோடு கலந்து பாடாது. சுருதிக்குக் கட்டுப்படாததால் தாளத்துக்கு முழுதாகத் தன்னைக் கொடுத்துவிடுகிறது. திறந்தவெளியில் நூற்றுக்கணக்கான பேரின் இரைச்சலுக்கு நடுவில் தவிலின் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் காதில் விழவேண்டுமென்றால் இதைவிடப் பொருத்தமான ஒலி இல்லை.

தோலுக்கு ஈரம் பகை. ஈரம் ஏறினால் தளர்ந்து சுருதி இறங்கிவிடும். குடாநாட்டின் மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்க்கிறது. பெரிய திருவிழாக்கள் பெரும்பாலும் வெயில்காலத்தில் அமைந்தது தவிலுக்கு வாய்த்த அதிர்ஷ்டம்.

இந்த வாத்தியம் தஞ்சாவூர்ப் பக்கத்தோடு இறுகப் பிணைந்தது. 1964 புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் இரு கரையிலும் ரயிலும் ஓடின. திருவிழாக் காலத்தில் அக்கரை வித்துவான்கள் வந்து மாதக்கணக்கில் தங்கி வாசிப்பதும், இக்கரைப் பிள்ளைகள் அங்கே போய்க் குருகுலமாகக் கற்பதும் வழக்கமாக இருந்தன. இணுவிலும் அளவெட்டியும் மேளக்காரர் ஊர்களாகப் பெயர் பெற்றன. இணுவில் விசுவலிங்கத்தின் மகனாக 1933இல் பிறந்து அளவெட்டியில் வாழ்ந்த தெட்சணாமூர்த்தி, யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி என்ற பெயரில் தமிழ்நாட்டின் முதல்வரிசை வித்துவான்களோடு சரிசமமாக வாசித்தார். நாச்சியார்கோயில் ராகவப்பிள்ளை, வலங்கைமான் சண்முகசுந்தரம் ஆகியோரோடு அவர் வாசித்ததைக் கேட்டவர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். ஊரில் அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரத்துக்கு அவர் வாசித்த இரவுகள் தனி. 1975இல், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே போய்விட்டார். எஞ்சியிருக்கும் ஒலிப்பதிவுகள் பழைய நாடாவின் இரைச்சலோடுதான் கிடைக்கின்றன. அந்த இரைச்சலுக்குள்ளும் அவர் வலது கையின் வேகத்தில் ஒரு சொல்கூட மற்றதில் ஒட்டாமல் விழுவது தெரியும். தவில் பழக விரும்பும் எவரும் முதலில் கேட்கவேண்டியது அதைத்தான்.

அப்படியொருவர் தனியாக வானத்திலிருந்து விழுந்துவிடவில்லை. பூங்காவனத் திருவிழாவிலோ சப்பறத்தன்றோ உபயகாரர் நான்கைந்து கூட்டம் மேளம் பிடிப்பார்கள். சுவாமி வெளிவீதி வரும்போது ஒவ்வொரு மூலையிலும் மேளம் நிற்கும். நாதஸ்வரக்காரர் ஒதுங்கிக்கொள்ள, தவில்காரர்கள் எதிரெதிராக நின்று மாறி மாறி வாசிப்பார்கள். இதைத் தவில் சமா என்பார்கள். ஒருவர் வைத்த கணக்கை மற்றவர் வாங்கி, மாற்றி, திருப்பிக் கொடுக்கவேண்டும். சுற்றி நிற்பவர்களில் தோட்டக்காரர் இருப்பார், சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்பவர் இருப்பார், பள்ளிக்கூட வாத்தியார் இருப்பார். சங்கீதம் முறையாகப் படித்தவர் மிகச் சிலரே. ஆனால் கைகள் எல்லாம் தொடையிலோ உள்ளங்கையிலோ தாளம் போட்டபடி இருக்கும். கணக்கு சமத்தில், அதாவது தாளச் சுற்றின் முதல் தட்டில், வந்து விழுந்தால் கூட்டம் ஆர்ப்பரிக்கும். விழாவிட்டால் அமைதியாக இருக்கும், அந்த அமைதிக்கு வித்துவான் பயப்படுவார். தவிலுக்கு யாழ்ப்பாணத்து இரசிகர் கொடுத்த இடம் தஞ்சாவூரில்கூட இவ்வளவு இருக்கவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

அந்தக் கணக்கு எப்படிப்பட்டது என்பதை நீங்களே செய்து பார்க்கலாம். ஆதிதாளம் போடுங்கள்: ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு-வீச்சு, மறுபடி தட்டு-வீச்சு. மொத்தம் எட்டு எண்ணிக்கை. ஒவ்வொன்றுக்குள்ளும் நான்கு மாத்திரை, ஆக 32. இனி 'த-தி-கி-ண-தொம்' என்ற ஐந்து மாத்திரைச் சொல்லை மூன்று தரம் சொல்லவேண்டும், அது முடிந்ததும் அடுத்த சுற்றின் முதல் தட்டு விழவேண்டும். மூன்று ஐந்து பதினைந்து. 32இல் 15 போனால் 17. நான்கு எண்ணிக்கைக்கு 16 மாத்திரை போய்விடும், மிச்சம் ஒன்று. ஆகவே ஐந்தாவது எண்ணிக்கையின் தட்டு விழும்போது வாயை மூடிக்கொண்டிருந்து, அதன் இரண்டாவது மாத்திரையில் தொடங்கவேண்டும். முதல் முயற்சியில் எவருக்கும் பிசகும். கை ஒரு பக்கம் போக வாய் வேறு பக்கம் போகும். நாலு தரம் செய்தால் பிடிபட்டுவிடும். பிடிபட்டபின் தவில் கேட்கிற காதே வேறாகிவிடும். வித்துவான் இதே ஐந்தை ஏழாக்கி ஒன்பதாக்கி, இடைவெளிகளை விரித்துச் சுருக்கி, எழுதிவைக்காமல் அந்தக் கணத்தில் முடிவு செய்து வாசிக்கிறார்.

மிருதங்கத்தை எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் பொழுதுபோக்காகப் பழகுகிறார்கள். தவில் அப்படி வீட்டுக்குள் வரவில்லை. சத்தம் ஒரு காரணம், உடல் உழைப்பு இன்னொன்று. மூன்றாவது காரணம் சாதி. கலை சில குடும்பங்களுக்குள்ளேயே கைமாறிவந்தது. அவர்கள் கையால் சுவாமி புறப்பட்டார், ஆனால் ஊர் அவர்களுக்குச் சமமான நாற்காலி போடவில்லை. தோலைப் பதப்படுத்தியவர்களுக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை. வெறும் கல்லிலும் கட்டையிலும் கழியால் தட்டித் தட்டிக் கை பழக்குவதோடுதான் தவில் படிப்பு தொடங்குகிறது, அதற்குக் காசு அதிகம் வேண்டாம். விருப்பமுள்ள எந்தப் பிள்ளைக்கும், பெண்பிள்ளைகளுக்கும், பள்ளிக்கூடத்திலேயே அந்த வழி திறந்திருக்கவேண்டும்.

ஊரார் தாங்களே வாசிக்கிற இசை வேறொன்று இருக்கிறது. மார்கழியில் திருவெம்பாவைக் காலத்தின் பத்து நாளும் விடிவதற்கு முன் பெடியள் சங்கும் சேமக்கலமும் எடுத்துக்கொண்டு ஒழுங்கைகளில் பாடிக்கொண்டு போவார்கள். சேமக்கலத்தைத் தாளம் தப்பாமல் அடிப்பது யார் என்பதில் அவர்களுக்குள் போட்டி நடக்கும். வெளிவீதியில் சமா கேட்கும் காதுகள் பல இங்கேதான் பழகியவை.

1990இல் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. எரிபொருளும் தடை. ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் ஊமையாயின. தவிலுக்கு மின்சாரம் தேவையில்லை. ஆனால் இரவு தேவை, அதுதான் கிடைக்கவில்லை. விடியவிடிய நடந்த மேளக்கச்சேரிகள் பகலுக்குச் சுருங்கின. மாவிட்டபுரம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது இணுவிலும் அளவெட்டியும் வெறிச்சோடின. கலைஞர் குடும்பங்கள் பல பின்னர் கனடாவுக்கும் இலண்டனுக்கும் போய்ச் சேர்ந்தன. இன்று ரொறன்ரோக் கோயில்களின் தேருக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து தவில் போகிறது.

மின்சாரம் திரும்பியபோது ஒலிபெருக்கியும் திரும்பியது, கூடுதலாகவே. கூம்பு ஒலிபெருக்கிகள் தாழ்ந்த அதிர்வெண்களை வெளிவிடுவதில்லை. வலந்தலையின் வெடிப்பு மட்டும் காதைக் குத்த, தொப்பியின் முழக்கம் காணாமல் போய்விடுகிறது. பாதித் தவிலைக் கேட்டுவிட்டு அது வெறும் இரைச்சல் என்று இளையவர்கள் முகம் சுளித்தால் அவர்களைக் குறைசொல்ல முடியாது. கோயில்காரர்கள் சமா நடக்கும் நேரத்துக்காவது மைக்கை எடுத்துவிடலாம், அந்த வாத்தியம் மைக் இல்லாத காலத்துக்கென்றே செய்யப்பட்டது.

இந்த முறை திருவிழாவுக்குப் போனால் ஒலிபெருக்கிக் கம்பத்தை விட்டு விலகி, வாசிப்பவருக்கு நேர் முன்னால், பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நில்லுங்கள். பக்கவாட்டில் நின்றால் ஒரு முகம்தான் கேட்கும். நேரே நின்றால் வலந்தலையும் தொப்பியும் ஒரே அளவில் வந்துசேரும். வெளிவீதியின் மூலைகளில், சுவாமி நிற்கும்போதுதான் சமா தொடங்கும்.