ஆற்றங்கரைக்கு வந்த சங்கீதம்

மேடை நடுவில் ஒரு டைப்ரைட்டர். சுற்றிலும் வயலின், செல்லோ, புல்லாங்குழல், டிரம்பட் என்று பெரிய வாத்திய கோஷ்டி. நடத்துனர் கோலை அசைத்ததும் டைப்ரைட்டர் 'படபட'வென்று தாளம் போட ஆரம்பிக்கிறது. வரி முடிந்தால் 'டிங்' என்று மணி. வண்டியைத் திருப்பித் தள்ளும் 'சர்ர்' சத்தம். மறுபடி படபடப்பு. வயலின்கள் அதன் பின்னால் மூச்சு வாங்க ஓடுகின்றன. கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது.

'தி டைப்ரைட்டர்' என்ற இந்த இசையை 1950-ல் அமைத்தவர் லிராய் ஆண்டர்சன். ஆபீஸ் எந்திரத்தை அப்படியே கொண்டுவந்து வாசித்துவிட முடியாது. அத்தனை வேகத்தில் அடித்தால் எழுத்துக் கம்பிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். அதனால் இரண்டே எழுத்துக்கள் மட்டும் வேலை செய்யும்படி எந்திரத்தை மாற்றிவிடுவார்கள். வாசிப்பவரும் டைப்பிஸ்டு அல்ல, டிரம் வாசிப்பவர்தான்! டைப்பிஸ்டுகளால் இந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாது, இதற்கு மணிக்கட்டு வேலை வேண்டும் என்பது ஆண்டர்சனின் தீர்ப்பு. லோயரும் ஹையரும் பாஸ் செய்த சர்டிபிகேட்டோடு தாதர் ஸ்டேஷனில் வந்து இறங்கிய தமிழர்கள் இதை அவ்வளவு லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அந்த எந்திரம் ஆபீஸ்களை விட்டுப் போய்விட்டது. ஆனால் மேடையில் இன்னமும் அதற்கு வேலை இருக்கிறது.

ஆண்டர்சனைக் கண்டுபிடித்து, 'நீங்களே சொந்தமாக எழுதிக்கொண்டு வாருங்கள்' என்று தூண்டிவிட்டவர் ஒருவர் உண்டு. பாஸ்டன் நகரத்து ஆர்தர் பீட்லர். உயர்ந்த சங்கீதம் கோட்டு சூட்டு போட்ட சீமான்களுக்கு மட்டும்தான் என்றிருந்த ஊரில், கட்டணமே இல்லாமல் அதைத் தெருவுக்குக் கொண்டு வந்த மனிதர்.

கோடையில் சம்பளம் இல்லை

பாஸ்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா 1881-ல் தொடங்கியது. தொடங்கியவர் ஹென்றி லீ ஹிகின்சன் என்ற செல்வந்தர். குளிர்காலம் முழுவதும் கச்சேரிகள் நடக்கும். கோடை வந்தால் அரங்கத்தைப் பூட்டிவிடுவார்கள். வாத்தியக்காரர்கள் என்ன செய்வார்கள்? வருஷத்தில் பாதி நாள் வேலையில்லாத மனிதனை ஒரு ஊரில் பிடித்து வைத்திருப்பது கஷ்டம். நல்ல கலைஞர்கள் கைநழுவிப் போய்விடக்கூடாதே என்று ஹிகின்சன் ஒரு வழி கண்டார். கோடையில் லேசான மெல்லிசைக் கச்சேரிகள். நாற்காலி வரிசைகளை எடுத்துவிட்டு மேஜை போட்டு, சிற்றுண்டியும் பானமும் பரிமாறுவது. 1885-ம் ஆண்டு ஜூலை மாதம் இது ஆரம்பமானது. 'பாப்புலர்' என்ற சொல்லைச் சுருக்கி 'பாப்ஸ்' என்று ஜனங்கள் அழைத்தார்கள். அந்தப் பெயரே நிலைத்தது.

ஆக, இன்று உலகமெல்லாம் பேர்போன 'பாஸ்டன் பாப்ஸ்' பிறந்தது கலைத் தாகத்தால் மட்டுமல்ல. வாத்தியக்காரனின் வயிற்றுப்பாடும் ஒரு காரணம்.

பீட்லர் அந்தக் குடும்பத்துப் பிள்ளை. 1894-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி பாஸ்டனில் பிறந்தார். தகப்பனார் இமானுவேல் ஆஸ்திரியாவிலிருந்து வந்து இதே சிம்பொனியில் வயலின் வாசித்தவர். குடும்பப் பெயருக்கே ஜெர்மன் மொழியில் வயலின்காரர் என்றுதான் அர்த்தம். தகப்பனார் ஓய்வு பெற்று ஐரோப்பா திரும்பியபோது பையனும் கூடப் போனான். பெர்லினில் சங்கீதம் படித்தான். முதல் உலக யுத்தம் மூண்டதும் அமெரிக்கா திரும்பி, 1915-ல் பாஸ்டன் சிம்பொனியில் சேர்ந்தான்.

முதலில் வயலின், பிறகு வயோலா. பியானோ, செலஸ்டா, தாள வாத்தியம் என்று எதற்கு ஆள் குறைகிறதோ அங்கே போய் உட்கார வேண்டியது. எந்த ஆபீசிலும் இப்படி ஒரு குமாஸ்தா இருப்பார்: லீவு போட்டவர்களின் மேஜைகளையெல்லாம் பார்த்துப் பார்த்து, கடைசியில் மானேஜரைவிட அதிகம் தெரிந்து வைத்திருப்பவர். பீட்லர் அந்த ரகம்.

1926-ல் பாப்ஸ் நடத்துனர் திடீரென விலகியபோது, பீசனின் கடைசிக் கச்சேரியை பீட்லர் நடத்திக் கொடுத்தார். பதவி தனக்கே என்று எதிர்பார்த்தார். கிடைக்கவில்லை. இத்தாலியிலிருந்து ஆல்பிரடோ காசெல்லா என்ற பிரபலத்தை வரவழைத்து உட்கார வைத்தார்கள். உள்ளூர்க்காரனுக்கு உள்ளூரில் மதிப்பில்லை என்பது பாஸ்டனுக்கும் பொருந்தும் போலிருக்கிறது.

டிக்கெட் இல்லாத கச்சேரி

பீட்லர் மூலையில் உட்கார்ந்து புலம்பவில்லை. பாஸ்டனில் சார்லஸ் என்று ஒரு நதி ஓடுகிறது. அதன் கரையில் திறந்தவெளியில், யார் வேண்டுமானாலும் வந்து இலவசமாகக் கேட்கும்படி கச்சேரி நடத்துவது என்று கிளம்பினார். வசதி படைத்தவர்களிடம் நடையாய் நடந்து நன்கொடை திரட்டினார். கேட்பவனுக்குத்தான் இலவசம், வாசிப்பவனுக்குக் கூலி உண்டு. மரத்தால் ஒரு மேடை போட்டார்கள். அமெரிக்க சுதந்திர தினமான ஜூலை 4-ந் தேதி, 1929-ம் ஆண்டு, முதல் கச்சேரி நடந்தது.

அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க் பங்கு மார்க்கெட் சரிந்தது. ஆலைகள் மூடின, லட்சக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். பையில் காசில்லாதவன் மாலை நேரத்தில் எங்கே போவான்? பாஸ்டன்காரனுக்கு ஆற்றங்கரைப் புல்தரை இருந்தது. பசியைச் சங்கீதம் தீர்க்காது. ஆனால் குழந்தை குட்டிகளோடு வந்து உட்கார்ந்து, கனவான்கள் கேட்கும் அதே வாத்தியக்காரர்களை, யாருக்கும் தலை குனியாமல் கேட்டுவிட்டுப் போகலாம் அல்லவா! குழந்தைகளுக்கென்றே காலைக் கச்சேரிகளும் பிறகு சேர்ந்தன. 1940-ல் ஆற்றங்கரையில் சிப்பி வடிவத்தில் நிரந்தரமான அரங்கம் எழுந்தது.

ஆற்றங்கரைக் கூட்டம் செய்த சிபாரிசை யாராலும் தட்ட முடியவில்லை. 1930-ல் பாப்ஸ் நடத்துனர் பதவி தேடி வந்தது. அமெரிக்காவில் பிறந்த ஒருவருக்கு அந்தப் பதவி கிடைத்தது அதுவே முதல் தடவை. அடுத்த சுமார் 50 ஆண்டுகள், சாகும்வரை, அவர் அந்த இடத்தை விடவில்லை.

மூன்று பந்தி

பீட்லரின் கச்சேரிக்கு ஒரு கணக்கு உண்டு. மூன்று பகுதி, நடுவே இரண்டு இடைவேளை. முதல் பகுதியில் பிரபலமான சாஸ்திரீய உருப்படிகள். இரண்டாவதில் பியானோ அல்லது வயலின் வித்வான் ஒருவரோடு கனமான ஒன்று. மூன்றாவதில் நாடகப் பாட்டு, சினிமாப் பாட்டு, ரேடியோவில் அன்றைக்கு எது முணுமுணுக்கப்படுகிறதோ அது. பீட்டில்ஸ் கோஷ்டி அமெரிக்காவைக் கலக்கிய 1964-ல், அவர்கள் பாட்டைச் சிம்பொனி வாத்தியங்களில் வாசித்து இசைத்தட்டு போட்டார்!

மூன்றாவது பகுதிக்காக வந்தவன், முதல் இரண்டையும் கேட்டுத்தானே ஆக வேண்டும்? பாட்டுக்கு ஆசைப்பட்டு வந்த தொழிலாளி, திரும்பும்போது சைக்காவ்ஸ்கி மெட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு போவான். பீட்லர் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பாடம் சொன்னவர்தான். மாணவர் கோஷ்டிகளையும் நடத்தியவர்தான். ஆனால் அவருடைய பெரிய வகுப்பறை இதுதான். படிக்கிறோம் என்று தெரியாமலே ஒரு நகரம் படித்தது.

1935-ல் அவர் பதிவு செய்த 'ஜலூசி' என்ற டாங்கோ இசைத்தட்டு, போகப் போகப் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. ஒரு ஆர்க்கெஸ்ட்ரா இசைத்தட்டு அந்த எண்ணிக்கையைத் தொட்டது அதுவே முதல் தடவை என்பார்கள். டென்மார்க் நாட்டு ஜேக்கப் காடே எழுதிய அந்த இசையின் தாள்களை, கடையில் மலிவு விலைக் குவியலில் பீட்லர் பொறுக்கி எடுத்தாராம். (அதே 1935-ல்தான் பம்பாயில் மெஹ்லி மேத்தா பம்பாய் சிம்பொனியை ஆரம்பித்தார். அவருடைய மகன்தான் உலகப் புகழ் பெற்ற நடத்துனர் ஜூபின் மேத்தா.)

ஆறாத மனக்குறை

இவ்வளவு இருந்தும் பண்டிதர்கள் அவரை முழுசாக ஏற்கவில்லை. 'ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே கேட்கிற சங்கீதம்' என்ற இளக்காரம் உண்டு. பாப்ஸில் வாசிப்பதைக் கௌரவக் குறைவாக நினைத்தவர்கள் அவருடைய வாத்தியக்காரர்களிலேயே இருந்தார்கள். சிம்பொனியின் தலைமை நடத்துனர் பதவி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அது அவரை உறுத்தியது. இந்த விஷயத்தில் பாஸ்டன் அவருக்கு நியாயம் செய்யவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கோடையில் அவர் நிரப்பிய கல்லா குளிர்காலக் கச்சேரிகளுக்கும் உதவியதே!

மேடையில் வெள்ளை மீசையும் சிரிப்புமாக நின்றவர், வீட்டில் அப்படி இல்லை. கடுகடுப்பு, சிக்கனம், எப்போது வருமானம் நின்றுவிடுமோ என்ற பயம். ஊர் ஊராகப் போய் மற்ற கோஷ்டிகளையும் நடத்தி ஓயாமல் உழைத்தார். மகள் ஜொஹானா 1994-ல் எழுதிய புத்தகத்தில் இதையெல்லாம் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தவருக்கு வீட்டில் கொடுக்க நேரம் மிஞ்சவில்லை. சம்பாதிக்க வெளியூர் போன தகப்பன்மாருக்கு இது புதுக் கதை அல்ல.

அவருக்கு இருந்த விசித்திரமான பித்து ஒன்று: தீயணைப்பு வண்டி! எங்கே மணி அடித்தாலும் பின்னாலேயே காரில் ஓடுவார். பல நகரங்கள் அவருக்குத் தீயணைப்புப் படையில் கௌரவப் பதவி தந்தன. 1942-ல் பாஸ்டனில் கோக்கனட் குரோவ் கேளிக்கை விடுதி எரிந்து 492 பேர் மாண்ட கொடிய இரவில் மீட்பு வேலையிலும் அவர் கைகொடுத்தார்.

நான்கு லட்சம் பேர்

1970-களின் ஆரம்பத்தில் ஆற்றங்கரையில் கூட்டம் குறையத் தொடங்கியது. டேவிட் முகர் என்ற உள்ளூர் வியாபாரி ஒரு யோசனை சொன்னார். சைக்காவ்ஸ்கியின் '1812' இசையை நிஜமான பீரங்கி வெடி, தேவாலய மணி, வாணவேடிக்கையோடு வாசித்தால் என்ன? 1974 ஜூலை 4 அன்று செய்து பார்த்தார்கள். ஊரே திரண்டது. அமெரிக்க சுதந்திரத்தின் 200-வது ஆண்டான 1976-ல் அந்தப் புல்தரையில் சுமார் 4 லட்சம் பேர் கூடினார்கள். சாஸ்திரீய இசைக் கச்சேரி ஒன்றுக்கு வந்த மிகப் பெரிய கூட்டம் என்று கின்னஸ் புத்தகம் அதைக் குறித்துக்கொண்டது. மேடையில் நின்ற கிழவருக்கு வயது 81.

1977-ல் ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கம் கிடைத்தது. 1978 கடைசியில் மூளையில் அறுவை சிகிச்சை. ஆனாலும் 1979 மே மாதம், தம்முடைய 50-வது சீசனின் தொடக்கக் கச்சேரிக்கு வந்து கோலை எடுத்தார். சில நாட்களில் மறுபடி படுத்தார். ஜூலை 10-ந் தேதி, ஆற்றங்கரை முதல் கச்சேரியின் 50-வது ஆண்டு நிறைந்த ஆறாம் நாள், 84-வது வயதில் காலமானார்.

1980-ல் அவருடைய இடத்துக்கு வந்தவர், 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு இசையமைத்த ஜான் வில்லியம்ஸ். 1995 முதல் கீத் லாக்ஹார்ட் நடத்துகிறார். நதிக்கரையில் அலுமினியத் தகடுகளால் அடுக்கிய பீட்லரின் பிரம்மாண்டமான தலைச் சிலை நிற்கிறது. ஆற்றங்கரைக்குப் போக ரோட்டைத் தாண்டும் நடைபாலத்துக்கும் அவர் பெயர்தான். ஜூலை 4-ந் தேதி கச்சேரிக்கு இன்றைக்கும் டிக்கெட் கிடையாது.